ஆயிலில் ஈரம்

சரக்கு ரயிலில் கார்டு வேலை பார்ப்பவனுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே போவதுதான் பிழைப்பு. எந்தப் பெட்டியின் சீல் உடைந்திருக்கிறது, எந்தச் சக்கரத்தில் புகை வருகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பல வருடம் அப்படி உட்கார்ந்ததில் வீட்டிலும் அவனுக்கு அந்தப் பார்வை வந்துவிட்டது. சர்க்கரை டப்பாவின் மூடி சரியாக மூடாமல் இருந்தால் யார் திறந்தது என்று கேட்பான். அந்த வீட்டில் அவனைத் தவிர இருந்தது அவனுடைய அக்கா மட்டும்தான்.

"நான்தான்டா திறந்தேன். வேற யாரு, எறும்பா வந்து திறந்துச்சு?" என்பாள் அக்கா.

தெருவில் எல்லோரும் அவனைக் கார்டு என்றே கூப்பிட்டார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா கல்யாணம் செய்துகொண்டு, அது சரிவராமல் எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பையோடு தம்பி வீட்டுக்கு வந்தவள். முன்னறையில் தையல் மெஷினைப் போட்டு, பேண்ட் கால் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பு பிரித்துத் தைப்பது என்று வேலை பார்த்தாள். அவன் டூட்டிக்குப் போனால் திரும்பி வர இரண்டு நாள் ஆகும், சில சமயம் மூன்று. அதுவரை அவள் தனியாகத்தான் இருப்பாள்.

அவனுக்கு ஒரே ஆசை அந்த மோட்டார் சைக்கிள். ஒற்றைச் சிலிண்டர், அவனைவிட வயதில் மூத்தது. ரிட்டையர் ஆன ஒரு இன்ஜின் டிரைவரிடமிருந்து நாலு சாக்கில் துண்டுதுண்டாக வாங்கி வந்து, லீவு நாளில் எல்லாம் உட்கார்ந்து கோத்து எழுப்பியது. அந்தக் காலத்தில் அக்காதான் டார்ச் பிடித்தாள், சீட்டுக்கு உறை தைத்தாள், "இந்த நட்டு மிச்சமாயிடுச்சே, இது எங்கடா?" என்று கேட்டு அவன் தூக்கத்தைக் கெடுத்தாள். வண்டி வீட்டுக்குப் பக்கவாட்டில் இருந்த குறுகிய சந்தில் நிற்கும். சமையலறைப் பின்கதவைத் திறந்தால் சந்து. சந்தின் தெருப்பக்கம் தகரம் அடித்த இரும்புக் கதவு, உள்பக்கம் பூட்டு. தெருவிலிருந்து பார்த்தால் வண்டி தெரியாது.

அந்த வண்டிக்கு ஆயில் தனி டாங்கில் இருக்கும், சீட்டுக்குக் கீழே. அங்கிருந்து பம்பு ஆயிலை இன்ஜினுக்கு அனுப்பி, சுற்றிவந்ததைத் திரும்ப டாங்கிலேயே ஊற்றும். வாரம் ஒருமுறை அந்த டாங்கின் மூடியைத் திறந்து பார்ப்பது அவன் வழக்கம். குளிர்காலம் தொடங்கிய பிறகு ஒரு நாள் திறந்தான். மூடியின் அடிப்பக்கம் வெள்ளையாக, ஆறிப்போன பாலின் ஆடை மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் வழித்துப் பார்த்தான். பிசுபிசுவென்று நுரை. டாங்குக்குள் டார்ச் அடித்தால், தேன் நிறத்தில் இருக்க வேண்டிய ஆயில் பால் விட்ட டீ மாதிரி கலங்கிக் கிடந்தது.

"அக்கா, இந்தப் பக்கம் தண்ணி ஏதாவது கொட்டினியா?"

"சந்துல எதுக்குடா நான் தண்ணி கொட்டப் போறேன்?"

அவள் தலை நிமிராமல் சொன்னாள். அதுவே அவனுக்கு ஒரு மாதிரி இருந்தது.

வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனான். மெக்கானிக்கை எல்லோரும் மூக்கு என்பார்கள். எதையும் முதலில் மோந்து பார்ப்பதால் வந்த பெயர். மூக்கு மூடியை வாங்கி மோந்தார், வெள்ளையைக் கட்டைவிரலில் தேய்த்தார்.

"தண்ணி போயிருக்கு. பைப்பைப் பிடிச்சு அடிச்சுக் கழுவுவீங்களா?"

"துணியால துடைக்கிறதோட சரி. என் வண்டிய நான் அப்படி வெச்சிருப்பேனா?"

"அப்ப மூடியோட வாஷர் போயிருக்கும்."

வாஷர் மாற்றினார். டாங்கைக் கழற்றி, அடியில் நின்ற தண்ணீரை வடித்து, மண்ணெண்ணெய் விட்டு அலசினார். காற்று போகும் குழாயை ஊதிப் பார்த்தார். அடைப்பில்லை. புது ஆயில் ஊற்றினார். கார்டு நிம்மதியாக டூட்டிக்குப் போனான். அடுத்த இரண்டு டிரிப்புக்கும் வண்டியைத் தொட நேரமில்லை. அது முடிந்து வந்து திறந்தால் மூடியில் மறுபடி வெள்ளை.

இப்போது அவன் சந்தேகம் மூக்கின் மேல் போனது. புது ஆயில் என்று சொல்லிப் பழைய டப்பாவில் கிடந்ததை ஊற்றியிருப்பாரோ? நேராகக் கேட்கவில்லை, சுற்றிவளைத்துக் கேட்டான்.

"அந்த ஆயில் டப்பா சீல் பிரிக்காம இருந்துச்சா?"

மூக்கு கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "கார்டு சார், உங்க கண்ணு முன்னாடிதான் பிரிச்சேன். நீங்கதான் அந்த மூடியையும் வாங்கிப் பாத்தீங்க. ஒண்ணு பண்ணுங்க. புது ஆயிலோட வண்டி என் ஷெட்லயே கொஞ்ச நாள் நிக்கட்டும். நான் தொட மாட்டேன். நீங்க வந்து நீங்களே திறந்து பாருங்க."

அப்படியே விட்டுப்போனான். இரண்டு டிரிப் முடிந்து வந்து திறந்தால் ஆயில் கண்ணாடி மாதிரி இருந்தது. மூக்கு புருவத்தை உயர்த்தினார். அதற்கு என்ன அர்த்தம் என்று கார்டுக்குப் புரிந்தது. கோளாறு வீட்டில்தான் இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரருக்குக் காது மந்தம். காது மெஷினை வெளியே போகும்போது மட்டும்தான் மாட்டுவார். செடி என்றால் உயிர். மதில் ஓரம் முழுக்கத் தொட்டி வைத்து, ஹோஸ் பைப்பை மதில் மேல் போட்டுத்தான் தண்ணீர் விடுவார். கார்டு ஒரு காலையில் மதிலருகே போய் நின்றான்.

"உங்க தண்ணி எங்க பக்கம் வந்து விழுது போல."

"என்ன?"

"தண்ணி. எங்க பக்கம். வண்டி மேல."

"வண்டியா? வண்டிக்கு என்ன?"

"வண்டிக்குள்ள தண்ணி போகுது," என்று கார்டு தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்த வேண்டியிருந்தது. கத்திச் சொன்னதும் அந்தக் குற்றச்சாட்டு அவனுக்கே அசட்டுத்தனமாகப் பட்டது.

பக்கத்து வீட்டுக்காரர் பைப்பைக் கீழே போட்டுவிட்டு வந்தார். "தம்பி, நான் செடிக்குத் தண்ணி ஊத்துறேன், வளருது. உன் வண்டிக்கு ஊத்தி அது என்ன ஸ்கூட்டர் குட்டியா போடப்போகுது?"

கார்டு வீட்டுக்குள் வந்துவிட்டான். ஆனால் மனம் அடங்கவில்லை. ரயில் பெட்டிக்குச் சீல் வைப்பது போல ஒரு காரியம் செய்தான். புது ஆயில் இருந்த டாங்கின் மூடியை இறுக்கி மூடி, மூடியிலிருந்து டாங்கு வரை சிவப்புப் பெயிண்டால் மெல்லிய கோடு ஒன்று இழுத்தான். யாராவது மூடியைத் திருகினால் கோடு விலகிவிடும். அக்காவிடம் சொல்லவில்லை.

அடுத்த முறை டூட்டி முடிந்து வந்ததும் பையைக்கூட வைக்காமல் சந்துக்குப் போனான். கோடு நூல் பிசகாமல் நேராக இருந்தது. பெருமூச்சு விட்டு மூடியைத் திறந்தான். உள்ளே வெள்ளை.

அதைத் துணியில் வழித்து எடுத்துக்கொண்டு மூக்கிடம் போய், கோடு போட்ட கதையைச் சொன்னான். மூக்கு வெகு நேரம் தலையைச் சொறிந்தார்.

"மூடியே திறக்கலைன்னா தண்ணிய யாரும் ஊத்தல. உள்ளேயேதான் உண்டாகுது. சார், இந்த வண்டிய நீங்க இல்லாதப்ப யாராவது ஸ்டார்ட் பண்றாங்களா?"

"யாரு பண்ணுவா? கிலோமீட்டர் பாத்துட்டுத்தான் போவேன். ஒரு பாயின்ட் கூட நகரல."

"ஓட்டினா நகரும். ஸ்டார்ட் பண்ணி நிக்க வெச்சு நிறுத்தினா?" மூக்கு பெஞ்சில் உட்கார்ந்தார். "பெட்ரோல் எரிஞ்சா புகையோட கொஞ்சம் நீராவியும் வரும். குளிர்ல ஸ்டார்ட் பண்ணா சைலன்சர்ல சொட்டுமே, அதுதான். அந்த ஆவி பிஸ்டன் ஓரமா கீழயும் கொஞ்சம் இறங்கும். அரை மணி நல்லா ஓடினா ஆயில் சூடாகி எல்லாம் வெளிய போயிடும். சூடாகுறதுக்குள்ள நிறுத்திட்டா ஆவி உள்ளயே குளிர்ந்து தண்ணியாயிடும். அதையே தினம் பண்ணிக்கிட்டிருந்தா ஆயிலும் தண்ணியும் கடைஞ்சு இப்படித்தான் ஆகும். வண்டியத் தொட ஆளே இல்லைன்னு நீங்க அடிச்சுச் சொன்னீங்க, நானும் அந்தப் பக்கம் யோசிக்காம விட்டுட்டேன்."

அந்த வண்டிக்குச் சாவி கிடையாது. பேட்டரி இல்லாத பழைய மேக்னெட்டோ வண்டி. கிக்கரை உதைக்கத் தெரிந்தால் போதும். ஆனால் பூட்டிய சந்துக்குள் போக ஒரே வழி சமையலறை.

கார்டு வீட்டுக்குத் திரும்பி நடந்தான். இத்தனை நாள் கண்ணில் பட்டும் தலையில் ஏறாமல் இருந்தவை எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றன. முன்னறை ஜன்னலுக்கு அக்கா தடிமனான திரை தைத்துப் போட்டிருந்தாள். வெளிச்சம் இருந்தால்தான் ஊசியில் நூல் கோக்க முடியும் என்று எட்டு வருடமாகத் திரையே வேண்டாம் என்றவள். வாசல் கதவின் உள்பக்கம் புதிதாக ஒரு தாழ்ப்பாள். வாசற்படி ஓரத்தில் சிகரெட் துண்டு. அக்கா சிகரெட் பிடிப்பதில்லை, அவனும் இல்லை. அப்புறம் அவள் வலது கணுக்காலுக்கு மேல் நீலம் பாரித்த ஒரு காயம்.

"அது என்ன காயம்?" என்று அன்று சாப்பிடும்போது கேட்டான்.

"மேஜைக் கால் இடிச்சுடுச்சு."

மேஜைக் கால் அவ்வளவு கீழே இடிக்காது. கிக்கர் திருப்பி அடித்தால் அந்த இடத்தில்தான் அடிக்கும். அவனுக்கே இரண்டு முறை அடித்திருக்கிறது.

"நாளைக்கு எத்தனை மணிக்குப் போற? எப்ப வருவ?" என்று அக்கா கேட்டாள்.

"ஏன் கேக்குற?"

"சமைக்கணும்ல."

முன்பெல்லாம் அவள் கேட்டதே இல்லை என்று அவனுக்குத் தோன்றியது. கொஞ்ச மாதமாகத்தான், அதுவும் ஒரு தடவைக்கு மூன்று தடவை. யாரோ ஒருவன் வருகிறான். தான் இல்லாதபோது வந்து, இந்த வீட்டில் உட்கார்ந்து சிகரெட் பிடித்து, தான் கோத்த வண்டியை உதைத்து விளையாடுகிறான். அக்கா ஐம்பது வயதைத் தாண்டியவள். அவள் யாரோடு பேசினாலும் யார் கேட்க முடியும்? அப்படி நினைத்தபோதே, என்னிடம் ஒளிக்க வேண்டுமா என்ற கோபமும் கூடவே வந்தது.

அவனும் அவளிடம் ஒன்றை ஒளித்து வைத்திருந்தான். அது அப்போது அவன் கணக்கில் வரவில்லை.

குளிருக்கு முந்தின மழைக்காலத்தில் ஒரு நாள் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் மாமா வந்து நின்றார். மாமா என்றால் அக்காவின் கணவர். அக்கா வீட்டை விட்டு வந்ததற்குக் காரணம் அவர்தான். குடித்துவிட்டு வந்து, அவள் இடது கை கதவிடுக்கில் இருக்கும்போதே கதவை அறைந்து சாத்தியவர். இன்றும் அந்தக் கையில் இரண்டு நகங்கள் கோணல். பிறகு அவளைத் தேடி வந்தபோது கார்டு அவரைச் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினான். அதற்கப்புறம் பார்த்ததே இல்லை. பிளாட்பாரத்தில் நின்றவருக்கு முடி முழுக்க நரைத்துக் கன்னம் ஒட்டியிருந்தது. "குடிய விட்டுட்டேன் மாப்ள. மன்னிப்புக் கேக்கக்கூட எனக்கு முகமில்ல. அவ நல்லாருக்காளா, அது போதும்," என்றார். கார்டுக்கு மனசு கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தான். பிறகு அவர் அவ்வப்போது வந்தார். வண்டியைப் பற்றி ஆசையாகக் கேட்டார். அவனுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. அக்காவிடம் சொன்னால் வீண் வேதனை என்று சொல்லாமல் விட்டான்.

இந்தச் சந்தேகம் மண்டையைக் குடைந்துகொண்டிருந்த வாரத்திலும் மாமா வந்தார். கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தார்.

"போன வாரம் டூட்டின்னு சொன்ன. வீட்லயா இருந்த?"

"இல்லையே. டூட்டிலதான் இருந்தேன்."

"அந்தப் பக்கம் போனேன், உன் வண்டிச் சத்தம் கேட்டுச்சே. அதுக்கு முந்தின வாரமும் கேட்டுச்சு. நீதான் பொய் சொல்றியோன்னு நினைச்சேன்."

"நீங்க அந்தப் பக்கம் எதுக்கு வந்தீங்க?"

"பஸ் அந்த வழியாத்தானே போகுது," என்றார் மாமா. பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ இல்லன்னா அப்ப வேற யாரு? வீட்டைக் கொஞ்சம் கவனி மாப்ள. பொம்பள தனியா இருக்கா," என்றார்.

அவர் சொன்னதில் முதல் பாதி மட்டுமே கார்டின் காதில் நின்றது. எந்தப் பஸ்ஸில் போகிறவனுக்கு, ஓடுகிற பஸ்ஸில் இருந்தபடி, சந்துக்குள் நிற்கும் ஒரு வண்டிச் சத்தம் வாராவாரம் கேட்கும் என்று அவன் யோசிக்கவில்லை.

அடுத்த டூட்டிக்குப் போவது போலவே கிளம்பினான். பையில் சாப்பாட்டு டப்பாவை அக்காவே வைத்துக் கொடுத்தாள். யார்டுக்குப் போய், ஏற்கெனவே பேசி வைத்திருந்த இன்னொரு கார்டிடம் டூட்டியை மாற்றிக் கொடுத்துவிட்டு, ஓய்வறையில் உட்கார்ந்து அந்த டப்பாவைத் திறந்தான். இரண்டு வாய் தின்றுவிட்டு மூடி வைத்தான். சொந்த அக்காவை வேவு பார்க்கப் போகிறோம் என்று கூசியது. கூசினாலும் வெயில் தாழ்ந்ததும் எழுந்து நடந்தான்.

வழக்கமான வழியில் வராமல் பின்தெரு வழியாகச் சுற்றி வந்தான். வீட்டுக்கு நாலு வீடு இருக்கும்போதே சத்தம் கேட்டது. டப்... டப்... டப் என்று அவனுடைய வண்டி, அவன் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. சந்தின் பின்கோடியில் இருந்த ஆளுயர மதிலில் கை ஊன்றி எட்டிப் பார்த்தான்.

சந்தில் அக்கா மட்டும் நின்றிருந்தாள். சேலைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகியிருந்தாள். காலில் அவனுடைய பழைய டூட்டி பூட்ஸ். ஒரு கை ஆக்ஸிலேட்டரில். முகம் வண்டிப் பக்கம் இல்லை. இரும்புக் கதவின் தகரத்தில் இருந்த ஓட்டையில் கண்ணை வைத்துத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கையில் துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோல்.

"அக்கா," என்றான்.

உடம்பு முழுக்கத் தூக்கிப்போட அவள் திரும்பினாள். கத்தரிக்கோல் முனை அவனை நோக்கியிருந்தது. யாரென்று தெரிந்ததும் கை தாழ்ந்தது, ஆனால் முகம் இளகவில்லை. வண்டியை நிறுத்தினாள்.

"டூட்டிக்குப் போகலையா நீ?"

"நீ என்ன பண்ணிக்கிட்டிருக்க?"

"முதல்ல உள்ள வா. கதவ சாத்து."

வாசல் வழியாகச் சுற்றி வந்து கதவைச் சாத்திவிட்டு, சமையலறையில் அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். அவள் பூட்ஸைக் கழற்றாமல் நின்றுகொண்டே பேசினாள்.

"அவர் வர்றாரு. உங்க மாமா. நாலு மாசமா. நீ இல்லாத நாளாப் பாத்து வர்றாரு. கதவ மெதுவாத் தட்டுறாரு. ஒரு டம்ளர் தண்ணி போதும்கிறாரு. திறக்க மாட்டேன்னா படியிலயே உக்காந்துக்குவாரு. சத்தம் போடுறதில்ல, திட்டுறதில்ல. அப்படியே உக்காந்து சிகரெட் பிடிப்பாரு. ஒருநாள் ஜன்னல் கம்பிக்குள்ள கைய விட்டு, நான் தச்சுக்கிட்டிருந்த துணியப் பிடிச்சுக்கிட்டாரு. விடவே இல்ல. நானும் விடல. துணி கிழிஞ்சுடுச்சு."

கார்டு முன்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"அன்னிக்கு என்ன பண்றதுன்னு தெரியாம பின்பக்கம் ஓடினேன். வண்டி நின்னுச்சு. நீ ஸ்டார்ட் பண்றதை எத்தனை தடவை பாத்திருக்கேன். மூணாவது உதைல பிடிச்சுக்கிச்சு. எட்டிப் பாத்தா அவர் எழுந்து தெருமுனைக்குப் போயிட்டாரு. நீ உள்ள இருக்கன்னு நினைச்சுக்கிட்டாரு. உன்கிட்ட மட்டும் பயம். அதுக்கப்புறம் நீ இல்லாத நாள்ல இருட்டுறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் ஓட விட்டு நிறுத்திடுவேன். ஒருநாள் திருப்பி அடிச்சு காலு வீங்கிடுச்சு. அதான் உன் பூட்ஸ்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவ? போய் அடிப்ப. உன் வேலை போகும். இல்லைன்னா..." அவள் நிறுத்தினாள். "இல்லைன்னா, நீதான் ஏதாவது இடம் கொடுத்திருப்பன்னு சொல்லுவ. நீ எதையும் நேரா நம்புற ஆளா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மதிலில் எட்டிப் பார்த்தபோது என்ன நினைத்து எட்டிப் பார்த்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதோ என்று பயமாக இருந்தது.

"எனக்கு ஒண்ணுதான் புரியல," என்றாள் அக்கா. "உன் டூட்டி வாரத்துக்கு வாரம் மாறுது. எனக்கே நீ சொன்னாத்தான் தெரியும். அவர் எப்படி அவ்வளவு கரெக்டா வர்றாருன்னு யோசிச்சு யோசிச்சு எனக்குப் பைத்தியமே பிடிச்சிடும் போல இருக்கு. அந்த மெக்கானிக்தான் சொல்றாரோன்னு நினைச்சேன். பக்கத்து வீட்டுக்காரரையும் நினைச்சேன். இப்ப யாரப் பாத்தாலும் சந்தேகமா இருக்குடா."

சந்தில் வண்டியின் சூடு ஆறும்போது எழும் டிக் டிக் மட்டும் கேட்டது. சொல்லாமல் விட்டால் அவளுக்குத் தெரியப்போவதில்லை. மூக்கின் மேல் பழி போய்விடும், அவ்வளவுதான். அந்த நினைப்பு ஒரு நிமிடம் அவன் மனதில் இருந்தது.

"நான்தான் சொன்னேன்," என்றான்.

"என்னது?"

"மாமா ஸ்டேஷனுக்கு வருவாரு. திருந்திட்டேன்னு சொன்னாரு. டீ குடிப்போம். நான் எந்தெந்த நாள் டூட்டின்னு கேப்பாரு. சும்மா பேச்சுக்குக் கேக்குறாருன்னு நினைச்சு சொல்லிட்டேன்."

அக்கா குனிந்து பூட்ஸின் முடிச்சை அவிழ்த்தாள். அவிழ்க்க நேரமானது. இரண்டையும் கழற்றி அவன் ஸ்டூலுக்கு முன்னால் ஒன்றாக வைத்தாள்.

"எத்தனை மாசமா?"

"மழைக்காலத்துல இருந்து."

"இந்தக் கைய மறந்துட்டியா நீ?" என்று மட்டும் கேட்டாள். இடது கையைத் தூக்கிக்கூடக் காட்டவில்லை.

மறுநாள் காலையில் அவன் எழுந்தபோது அக்கா குளித்து வெளியே கிளம்பத் தயாராக இருந்தாள்.

"போலீசுக்குப் போறேன். நீயும் வா. ஆனா நீ பேசாத. நான் பேசிக்கிறேன். உன்னைக் கேட்டா மட்டும் சொல்லு, நடந்ததை நடந்த மாதிரி சொல்லு."

அங்கே ஒரு பெண் அதிகாரி இருந்தார். அக்கா கோர்வையாகச் சொன்னாள். வண்டியை ஸ்டார்ட் செய்த இடம் வந்ததும் அதிகாரி பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். பிறகு கேட்டார்: "தம்பி இல்லாத நாள் அந்தாளுக்கு எப்படித் தெரியும்?"

அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். வரிசையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் அவன் சொன்னான். சொல்லி முடிக்கும்போது காது மடல் எரிந்தது. அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். "வெளிய உக்காருங்க," என்றார். ஏதாவது திட்டியிருந்தால் தேவலை போல் இருந்தது.

மாமாவைக் கூப்பிட்டு விசாரித்து, இனிமேல் அந்தத் தெருவிலேயே காலடி வைக்கக்கூடாது என்று எழுதி வாங்கினார்கள். வாசற்படியில் அதற்குப் பிறகு சிகரெட் துண்டு விழவில்லை. ஆனாலும் அக்கா வீட்டில் தனியாக உட்கார்ந்து தைக்க விரும்பவில்லை. மெயின் ரோட்டில் மருந்துக் கடைக்குப் பக்கத்தில் பாதிக் கடையை வாடகைக்கு எடுத்து மெஷினை அங்கே கொண்டுபோனாள். அங்கே எந்நேரமும் ஆள் நடமாட்டம். மெஷினைத் தூக்கக் கார்டு வந்து நின்றபோது, "வேண்டாம், ஆள் சொல்லியிருக்கேன்," என்றாள்.

வண்டியின் கோளாறு சுலபமாகத் தீர்ந்தது. மூக்கு டாங்கைக் கழுவிக் கடைசி முறையாக ஆயில் மாற்றினார். லீவு நாளில் ஊருக்கு வெளியே போய்த் திரும்பி வாருங்கள், அரை மணிக்குக் குறையாமல் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் ஸ்டார்ட்டே செய்யாதீர்கள் என்றார். ஸ்டார்ட் செய்தது யாரென்று அவர் கேட்டார். கார்டு முழுக்கச் சொன்னான். அப்போதுதான் அக்காவுக்கும் தன் மேல் சந்தேகம் வந்திருந்தது என்று தெரிந்து மூக்கு சிரித்தார். "ஒரே வீட்ல ரெண்டு பேரும் என்னையா?" என்றார். கார்டால் சேர்ந்து சிரிக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடமும் போய் மன்னிப்புக் கேட்டான். அதையும் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

குளிர் விடும் சமயத்தில் மாமா ஒருமுறை பிளாட்பாரத்துக்கு வந்தார். அவர் கையில் இரண்டு டீ. "அவ பேச்சைக் கேட்டு என்னைப் போலீஸ் வரைக்கும் இழுத்துட்டியே மாப்ள. ஒரு டம்ளர் தண்ணிதானே கேட்டேன்," என்றார். அதே ஒட்டிய கன்னம், அதே தாழ்ந்த குரல். முன்பு பரிதாபமாகத் தெரிந்ததெல்லாம் இப்போது வேறு மாதிரி தெரிந்தது. கார்டு டீயை வாங்கவில்லை.

"இனிமே இங்க வராதீங்க. வந்தா எழுதிக் கொடுத்ததைக் காட்டி ரயில்வே போலீசைக் கூப்பிடுவேன்," என்றான். கொடியை ஆட்டிவிட்டுத் தன் பெட்டியில் ஏறிக்கொண்டான். வண்டி நகர்ந்த பிறகும் மாமா இரண்டு டம்ளரோடு அங்கேயே நின்றிருந்தார்.

திரும்பி வந்ததும் நேராக அக்காவின் கடைக்குப் போனான். அவள் ஒரு பேண்ட்டின் காலை மடித்து ஊசி குத்திக்கொண்டிருந்தாள். கூட்டாமல் குறைக்காமல் அவர் சொன்னதையும் தான் சொன்னதையும் அப்படியே சொன்னான்.

"டீ குடிச்சியா?" என்று கேட்டாள்.

"இல்ல. வாங்கவே இல்ல."

அக்கா வேலையை நிறுத்திவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள். துணியில் ஓட்டை தேடுகிறவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். அவன் கண்ணை விலக்காமல் நின்றான். நம்பினாளா இல்லையா என்று அவனால் சொல்ல முடியவில்லை.

"சரி," என்று மறுபடி குனிந்துகொண்டாள். "அந்த ஸ்டூல இப்படி இழுத்துப் போட்டு உக்காரு. இன்னும் ரெண்டு பேண்ட் இருக்கு, முடிச்சுட்டு வர்றேன்."